கதவில் எழுந்த கை

அவன் கை வைத்தது காரின் வலப்பக்கக் கதவில். தடம் எழுந்திருந்ததோ இடப்பக்கக் கதவில்.

பெயிண்ட் அறையின் விசிறி ஒரே சுதியில் முனகிக்கொண்டிருக்க, தின்னர் நெடி மூக்கின் உச்சிவரை ஏறிக் கண்ணைக் கரிக்க, பெரியவன் குனிந்து பார்த்தான். கருநீல வர்ணத்துக்கு உள்ளேயிருந்து ஐந்து விரல்கள் வெளிறித் தெரிந்தன. கட்டைவிரலுக்குக் கீழே வெல்டிங் சுட்ட தழும்பு. சந்தேகமே இல்லை, அவனுடைய கைதான்.

பெயிண்ட் அடிக்கப்போகும் தகட்டில் வெறுங்கை படக்கூடாது. மாமாவின் பட்டறைக்குள் நுழைந்த அன்றே சொல்லித் தருகிற பாடம் அது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிவிட்டால் வர்ணம் அங்கே பிடிக்காது, தடம் மேலே வந்து பல்லைக் காட்டும். தெரிந்தேதான் வைத்தான், பாவி. எல்லோரும் சாப்பிடப் போன நேரம், தலையில் தடவியிருந்த எண்ணெயை உள்ளங்கையில் வழித்து வலக்கதவில் அப்பினான். அந்தக் கதவு இப்போது மாசுமருவில்லாமல் பளபளத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் சின்னவன்மேல் இருந்த வயிற்றெரிச்சல். வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு கிடந்த பெரியவனை மனுஷனாக்கியதே இந்தக் கார்தான். பழைய இரும்புக் கடையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த இதன் வெறுங்கூட்டை மாமாவும் அவனும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துருவைச் சுரண்டிப் புதுத் தகடு வெட்டி ஒட்டியதெல்லாம் அவன். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று அவன் நிம்மதியாக இருந்தபோதுதான் சித்தி மகன் சின்னவன் வந்து சேர்ந்தான். நேற்று முளைத்த பயல், கண்ணை மூடிக்கொண்டு தகட்டைத் தடவியே ஒடுக்கு எங்கே என்று சொல்லிவிடுவான். அதன்பிறகு மாமா வாயைத் திறந்தாலே சின்னவன் புராணம். பெயிண்ட் வேலையும் அவனுக்கே போயிற்று. பழைய கார்க் கண்காட்சியில் வண்டிக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று கேட்டதற்கு, "பெயிண்ட் அடிச்சவன்தான்டா நிக்கணும்" என்றார் மாமா. பெரியவனுக்கு நெஞ்சு வெந்துபோயிற்று.

"நான்தான் சரியாத் துடைக்கல போலண்ணே," என்றான் சின்னவன், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் மாதிரி. "மாமா வர்றதுக்குள்ள தேச்சு எடுத்துடுறேன்."

"எடு, எடு. பெரிய கைராசிக்காரனாச்சே நீ."

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சின்னவன் தேய்க்க ஆரம்பித்தான். சர்... சர்... பெரியவனின் உள்ளங்கை சுரீரென்று எரிந்தது. பிரித்துப் பார்த்தான். தழும்பைக் காணோம். ரேகைகளைக் காணோம். வெந்நீரில் உரித்தாற்போல வெறும் தோல்.

மறுபடி அடித்து, சூடேற்றிக் காயவைத்தார்கள். இந்தத் தடவை கூரையில் எழுந்தது. விரல்கள் மட்டுமில்லை, முழங்கைவரை.

"இதென்னண்ணே, கூத்தா இருக்கு!"

சர்... சர்... பெரியவன் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டான். சட்டைக் கைக்குள் முடிகள் ஒவ்வொன்றாய் உதிர்வது தெரிந்தது. 'நிறுத்துடா' என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பானே! நான்தான் வைத்தேன் என்று போயும் போயும் இவனிடமா சொல்வது? மாமா காதுக்குப் போனால் வண்டிப் பக்கத்தில் என்ன, பட்டறை வாசலில்கூட நிற்க முடியாது. பொசுங்கினாலும் பொசுங்கட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டான்.

மூன்றாவது பூச்சு காய்ந்தபோது எங்கேயும் தடமில்லை. சின்னவன் வாளித் தண்ணீர் மாற்றப் போயிருந்தான். பெரியவன் பானெட்டின்மேல் குனிந்தான். அவன் முகம் அப்படியே தெரிந்தது, மூக்கோரத்து மச்சம்கூட. என்னமாய் அடித்திருக்கிறான், படுபாவி! அந்த நிலையிலும் வயிறு எரிந்தது.

நிமிர்ந்தான்.

பானெட்டில் இருந்த முகம் நிமிரவில்லை.

பக்கவாட்டில் நகர்ந்தான். அது நகரவில்லை. வர்ணத்துக்கு அடியில் கிடந்து மேலே பார்த்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன.

பின்னால் வாளி வைக்கும் சத்தம்.

"அட, பானெட்ல ஏதோ மேடு தட்டியிருக்கே," என்றபடி சின்னவன் குனிந்தான். "கவலைய விடுங்கண்ணே. இதையும் எடுத்துடுறேன்."

உப்புத்தாள் உதட்டில் தொடங்கியது.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். நான்தான்டா, நான்தான்...

சர்... சர்...

பெரியவனிடமிருந்து சத்தம் வரவில்லை. சின்னவனின் தோளைப் பிடித்து இழுத்தான். விரல்கள் சட்டையில் வழுக்கின.

"இருங்கண்ணே, முடிஞ்சிருச்சு," என்றான் அவன், திரும்பாமலே.

பெரியவன் கையால் வாயைத் தேடினான். மூக்குக்குக் கீழே ஒன்றுமே அகப்படவில்லை. பட்டி வைத்துத் தேய்த்த தகடுபோல வழவழவென்று இருந்தது.

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு பானெட்டை மெல்லத் தடவிப் பார்த்தான். இன்னும் இரண்டு இடத்தில் மேடு இருந்தது. தாளை நனைத்துக்கொண்டு கண்களுக்கு வந்தான்.