ஒரு வாய் கோதுமை

எங்கள் நாட்டில், இறந்தவர் பேரைச் சொல்லி ஒருவர் உணவு நீட்டினால் அதை மறுப்பதில்லை. நீட்டுபவர் முன்பின் தெரியாதவராயினும், வயிறு நிறைந்திருந்தாலும், கையில் வாங்கி, அந்த ஆத்துமாவுக்காக "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லி, ஒரு வாயாவது உண்டுவிட வேண்டும். இப்படியொரு விதி இருப்பதாக யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. மறுத்த எவரையும் நான் அதுவரை கண்டதுமில்லை.

இலையுதிர் காலத்தில், இறந்தோரை நினைக்கும் சனிக்கிழமையன்று, யாசியிலிருந்து ரயிலில் புக்காரெஸ்ட் வந்து சேர்ந்தேன். நிலையத்தில் ஸ்மரண்டா காத்திருந்தாள். பள்ளிக்காலத் தோழி. கோடை முழுவதையும் மருத்துவமனையில் கழித்தவள். நோய் நீங்கிவிட்டது என்று அந்த வாரம்தான் மருத்துவர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தனர். மருந்தில் கொட்டிய தலைமுடி அப்போதுதான் முளைவிட்டிருந்தது.

"என்னடி அப்படிப் பாக்கற? முள்ளம்பன்றி மாதிரி இருக்கேனா?"

"வாத்துக்குஞ்சு மாதிரி."

"போடி. இத்தனை வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டறேன், ஒரு நினைவுச்சின்னத்தையும் நின்னு பாத்ததில்ல. இன்னிக்கு எல்லாத்தையும் பாத்தாகணும். கால் வலிக்குதுன்னு நீ சிணுங்கினா விட்டுட்டுப் போயிடுவேன்."

வெற்றி வளைவின் கீழே, காற்று படாத ஓரத்தில், ஒரு பெண் நின்றிருந்தாள். சாம்பல் நிற மழைக்கோட்டு, படிய வாரிய தலை, கையில் கடைப்பை. வங்கியிலிருந்து வெளியே வந்தவளைப் போலிருந்தாள். பையிலிருந்து, மரக்கரண்டி செருகிய இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்து நீட்டினாள். வேகவைத்த கோதுமை, மேலே மாச்சர்க்கரையில் இட்ட சிலுவை. அக்ரூட்டும் எலுமிச்சைத் தோலும் மணத்தன.

"லாவினியாவோட ஆத்துமாவுக்கு."

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றோம், உண்டோம்.

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துப் படுக்கைக்காரி பேரும் லாவினியாதான்" என்றாள் ஸ்மரண்டா, கரண்டியை நக்கியபடி. "என்னோடயே அவளையும் வீட்டுக்கு விட்டாங்க. நேத்து கேக் சுட்டாளாம், போன்ல ஒரே பீத்தல்."

அந்தக் காலச் சர்வாதிகாரி கட்டிய நாடாளுமன்றப் பெருமாளிகையின் எதிரே, அதன் சன்னல்களை எண்ண முயன்று தோற்றுச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் கைபேசி ஒலித்தது. கேட்டாள். சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

"லாவினியா புருஷன். இப்பத்தான்... காபி ஊத்திட்டு இருந்தாளாம். அப்படியே விழுந்துட்டாளாம்."

நான் அவள் தோளைப் பற்றிக்கொண்டேன்.

"கொரினா," என்று முணுமுணுத்தாள், "நாம சாப்பிட்டப்ப அவ உயிரோட இருந்திருக்காடி."



லாவினியாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியாவது ஏற்ற வேண்டும் என்றாள். மாளிகைக்கு இடம்விட வேண்டி அந்நாளில் அடித்தளத்தோடு பெயர்த்து, தண்டவாளத்தில் நகர்த்தி ஒதுக்கப்பட்ட சிறிய தேவாலயங்களுள் ஒன்று, அருகே அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருந்தது. கட்டடங்களின் இடுக்கில் நுழைந்ததும் தெருவின் இரைச்சல் அறுந்தது. பட்டப்பகலிலும் அங்கே ஈர நிழல். மெழுகுவர்த்தி ஏற்றத் தேவாலய வாசல்வரை நீண்ட வரிசையில் நாங்களும் நின்றோம்.

முதலில் மணம் வந்தது.

அக்ரூட். எலுமிச்சைத் தோல்.

வரிசையின் தொடக்கத்தில் சாம்பல் நிற மழைக்கோட்டு தெரிந்தது. அவள் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள். கடைப்பை சிறியது. கோப்பைகளோ தீரவில்லை.

"போயிடலாம்" என்று ஸ்மரண்டாவின் கையை இழுத்தேன். எங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்து, இடுக்கு முழுவதும் அடைபட்டிருந்தது.

ஒவ்வொரு கோப்பைக்கும் அவள் ஒரு பெயரை முணுமுணுத்தாள். ஒரே பெயரை. தொலைவில் அது வெறும் மூச்சாகக் கேட்டது. பிறகு தெளிந்தது.

"ஸ்மரண்டாவோட ஆத்துமாவுக்கு."

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றார் ஒரு முதியவர். மரக்கரண்டி கோப்பையைச் சுரண்டியது.

"ஸ்மரண்டாவோட ஆத்துமாவுக்கு."

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி.

அவர்களை எப்படி நிறுத்துவது? யாரிடம் என்ன சொல்வது? அவர்கள் செய்தது நல்ல காரியம். காலையில் நாங்கள் செய்ததும் அதுவே.

"வேற ஸ்மரண்டாவா இருக்கும்" என்றாள் ஸ்மரண்டா. உதடுகள் வெளுத்திருந்தன. "இருக்கும்ல? சொல்லேன்டி."

மழைக்கோட்டு எங்கள் முன் வந்து நின்றது. சலிப்பில்லாத, வெறுப்பில்லாத முகம். கோப்பை நீண்டது.

ஸ்மரண்டாவின் கை தானாகவே எழுந்தது. பிறந்தது முதல் பழகிய கை. தன் கையை அவளே திகைப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் விரல்கள் தொடுமுன் நான் கோப்பையைத் தட்டிவிட்டேன். கோதுமை கற்களின் மேல் சிதறியது.

"வேண்டாம்" என்றேன், அந்த இடுக்கு முழுவதும் கேட்கும்படி. "நாங்க வாங்க மாட்டோம். இவ உயிரோட இருக்கா. யாரும் சாப்பிடாதீங்க."

எங்களுக்கு முன்னால் நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள்.