நாறாத சிப்பிகள்

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பழவேற்காடு ஏரியில் இருபதாயிரம் சாவு விழுந்துவிட்டதாகப் போலீசுக்குப் புகார் வந்தது. செத்ததெல்லாம் சிப்பிகள்.

1974, மாசி மாதம். சென்னைக் கம்பெனி ஒன்று ஏரியில் மூங்கில் நட்டு, கம்பித் தட்டுகளைத் தொங்கவிட்டுத் தின்கிற சிப்பி வளர்த்துவந்தது. வெள்ளிக்கிழமை ஜப்பானிலிருந்து வாங்குகிறவர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் அத்தனை சிப்பியும் வாயைப் பிளந்துவிட்டன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றார் பண்ணை மானேஜர் வீரராகவன். ‘யாரோ’ என்றது சும்மா மரியாதைக்கு. மறுமூச்சில் துலுக்காணம் என்று பெயரையும் அவரே சொல்லிவிட்டார்.

சப் இன்ஸ்பெக்டர் யேசுதாஸ் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டு வியாழன் காலையில்தான் ஸ்டேஷனுக்குத் திரும்பினார். அதற்குள் கான்ஸ்டபிள் வரதன் தன் பாணியில் வழக்கைப் பாதி முடித்து வைத்திருந்தான். லாக்கப்பில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த துலுக்காணத்தின் வலது கை வாழைப்பூவாக வீங்கியிருந்தது.

"இன்னாடா பண்ணே இவனை?" என்றார் யேசுதாஸ்.

"லேசாத்தான் சார். இவன் படகுல எண்டிரின் டப்பா இருந்துச்சு. பயிருக்கு அடிக்கிற மருந்து இவனுக்கு எதுக்கு? ஒரு குழி நெலம் கூட இல்ல. பண்ணை வாட்ச்மேன் பரசுராமன் ராத்திரி மூங்கில்கிட்ட இவன் படகைப் பாத்தேன்னு சொல்றான்."

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற எதையும் யேசுதாஸுக்குப் பிடிக்காது.

வாசலில் துலுக்காணத்தின் மனைவி கன்னியம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் கூடை நிறைய மீன். பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோய், விற்காமல் அப்படியே தூக்கிவந்திருந்தாள்.

"மருந்து மீனுன்னு ஒருத்தரும் தொட மாட்டேன்றாங்க சார். ஊரே எங்க மேல காறித் துப்புது. இன்னிக்கி சாயங்காலம் பாட்டுச் சீட்டு. அதுக்குள்ள அவர உட்டீங்கன்னா பொழைச்சோம். இல்லாங்காட்டி பேரை எடுத்துடுவாங்க."

ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். யார், எந்தப் பாட்டில், எந்த நாள் இறங்கலாம் என்பதை ஊர் கூடி ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யும். சீட்டில் பேர் இல்லாதவன் வருஷம் முழுக்கக் கரையில் நின்று அடுத்தவன் வலையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"சாயங்காலத்துக்குள்ள பாக்கறேம்மா," என்றார் யேசுதாஸ். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

பண்ணைக் கொட்டகை கரையை ஒட்டி இருந்தது. புதன்கிழமை கரையேற்றிய தட்டுகள் சில வெயிலில் அடுக்கிக் கிடந்தன. வரதன் பொட்டலத்தைப் பிரித்து, அந்தத் தட்டுகள் மேலேயே சாய்ந்துகொண்டு இட்லி தின்ன ஆரம்பித்தான்.

"நாஷ்டாவ இங்கதான் துன்னணுமா?"

"பசி சார். காத்து நல்லா வருது."

மானேஜர் வீரராகவன் நாற்காலி போடச் சொன்னார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. பேசவும் நன்றாகத் தெரிந்தது.

"சிப்பி வளர்க்கறது பச்சைக் குழந்தையை வளர்க்கற மாதிரி சார். கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் அளவாக் கலக்கணும். உப்பு ஏறினாலும் ஆகாது, ரொம்ப எறங்கினாலும் ஆகாது. ஓதம் ஏறி எறங்கணும். தண்ணி ஓடினாத்தான் அதுக்குச் சோறு. தண்ணி பிடிக்கலைன்னா வாயை இறுக்கி மூடிக்கும். பத்து நாள் வேணும்னாலும் தாங்கும். அதுக்கு மேல முடியாது."

"கார்த்திகை மாசம் ஆரணியாத்துல வெள்ளம் வந்து ஏரியே நல்ல தண்ணியா ஆயிடுச்சே, அப்ப?"

"எல்லாத் தட்டையும் முகத்துவாரத்துக்கிட்ட இழுத்துட்டுப் போய்க் கட்டினேன். கடல் தண்ணி வர்ற எடம். ஒண்ணு கூடச் சாகலை. வெள்ளம் வடிஞ்சதும் திரும்பக் கொண்டுவந்து மாட்டினோம்."

"உயிரோட கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வரிசைக்கு ஒரு தட்டு தூக்கிப் பாத்தேன். அத்தனையும் இறுக்க மூடியிருந்தது. ஒண்ணை உடைச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நானே சாப்பிட்டேன். நல்ல சதைப்பிடிப்பு."

"துலுக்காணம் மேல எதுக்குச் சந்தேகம்?"

"அவனோட பாட்டுலதான் நாங்க மூங்கில் நட்டோம். ‘எல்லாத்தையும் பிடுங்கிப் போட்ருவேன்’னு ஊர் முன்னாடி கத்தினான் சார். எல்லாருக்கும் தெரியும்."

யேசுதாஸ் எழுந்துபோய் ஒரு தட்டிலிருந்து சிப்பி ஒன்றை எடுத்தார். மேலோடும் கீழோடும் பின்பக்கம் கீல் விடாமல் சேர்ந்திருக்க, முன்பக்கம் பிளந்திருந்தது. உள்ளிருந்து விரல்நகம் அளவு நண்டு ஒன்று வெளியே விழுந்து, வரதனின் பூட்ஸைத் தாண்டி ஓடியது. இன்னும் கொஞ்சம் பிளந்து பார்க்கலாமென்று கட்டைவிரலை உள்ளே விட்டவர் ‘ஸ்’ என்று கையை உதறினார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

"ஓடு கூர்மை சார், பாத்து," என்றார் வீரராகவன் பரிவோடு.

யேசுதாஸ் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே படகில் ஏறினார். வரிசை வரிசையாகப் போய், தண்ணீரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த தட்டுகளைத் தூக்கச் சொன்னார். மூங்கில் அடியில் மடவை மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. ஒவ்வொரு தட்டிலும் சிப்பிகளைப் பிளந்து உள்ளே பார்த்தார். எல்லாவற்றின் அடியோட்டிலும் செம்மண் வண்டல் படிந்து இறுகியிருந்தது. படகுக்காரன் கோலை ஊன்றி எடுத்தபோது நுனியில் ஒட்டிவந்த ஏரிச்சேறு கன்னங்கரேல் என்று இருந்தது.

அவர் கரைக்குத் திரும்பியபோது மணி மூன்று.

"பரசுராமன், இங்க வா," என்றார். வாட்ச்மேன் பரசுராமன் கைகட்டி வந்து நின்றான். மானேஜரும் எழுந்து வந்தார்.

"வரதா, இந்தத் தட்டு மேல சாஞ்சுகினு எத்தினி இட்லி துன்னே?"

"ஆறு சார்." வரதன் விழித்தான்.

"நேத்து காலையில செத்த சிப்பி. ஒரு பகல் பூரா வெயில்ல கெடந்திருக்கு. நாறி எடுத்திருக்கணும். ஒரு இட்லி உள்ள எறங்கியிருக்குமா உனக்கு? நாறறதுக்கு இதுல சதையே இல்ல. அது அழுகிக் கரைஞ்சு போயி எவ்ளோ காலமோ ஆச்சு. அப்புறம் விஷம். எண்டிரின் கலந்த தண்ணியில முதல்ல மீன் குஞ்சு சாகும், நண்டு சாகும். ரெண்டும் ஜோரா விளையாடிக்கினு கீது. ஏரியில ஒரு சொட்டு மருந்து விழல. டப்பா மட்டும்தான் படகுல விழுந்திருக்கு."

"சதையை மீன் தின்னிருக்கும். மருந்து ஓதத்துல அடிச்சுட்டுப் போயிருக்கும்," என்றார் வீரராகவன்.

"இருக்கலாம் சார். அதனாலதான் இதைக் கேக்கறேன்." யேசுதாஸ் கிழிந்த கட்டைவிரலைக் காட்டினார். "ஓடு கிழிச்சதுன்னு சொன்னீங்க. சிப்பிக்கு வெளிப்பக்கம்தான் கூர்மை. உள்பக்கம் பீங்கான் தட்டு மாதிரி வழவழன்னு இருக்கணும். என் விரலைக் கிழிச்சது இது."

சிப்பியைப் பிளந்து காட்டினார். மேலோட்டின் உள்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு. படகின் அடியிலும் மூங்கிலிலும் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கூம்பாக வளர்கிற அதே கொட்டலசுதான்.

"உயிரோட இருக்கற சிப்பிக்குள்ள இது ஒட்டாது. உள்ள சதை இருக்கும். செத்து, வாயப் பொளந்து, சதை போனப்புறம்தான் உள்ள நுழைஞ்சு ஊடு கட்டும். இவ்ளோ பெருசா வளர ரெண்டு நாள் போதுமா சார்? மாசக் கணக்கு ஆவாதா? எல்லாத் தட்டுலயும் இதே கதை. அடியில இருக்கறது ஆரணியாத்துச் செம்மண்ணு. வெள்ளத்துல இத எங்கயும் நகத்தவேயில்ல. நல்ல தண்ணியில வாய மூடிக்கினு காத்துக் கெடந்து செத்துப்போச்சு. அப்ப செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு இன்னா சார் துன்னீங்க?"

வீரராகவன் சட்டைக் கையை நீவி விட்டுக்கொண்டார். பரசுராமன்தான் உடைந்தான்.

"வெள்ளம் வந்தப்ப சார் மச்சினி கல்யாணத்துக்கு மெட்ராஸ் பூட்டாரு. அவரு சொல்லாம நான் எப்படி சார் தட்ட அவுக்கறது? திரும்பி வந்து பாத்தா எல்லாம் பூட்ச்சி. ஜப்பான்காரன் வர்றான்னு தெரிஞ்சதும் டப்பாவ என் கையில குடுத்தாரு. வேல போயிடும்னு பயந்து படகுல வெச்சுட்டேன்."

"நஷ்டம் கம்பெனிக்குத்தானே சார்," என்றார் வீரராகவன் கடைசியில். குரலில் வருத்தமில்லை, சலிப்பு இருந்தது. "அவனுக்கு என்ன ஆயிடப்போகுது? நாலு நாள் உள்ள இருந்துட்டு வருவான்."

யேசுதாஸுக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார். சட்டை கசங்காதவர்களை அடிக்க அவர் ஸ்டேஷனில் வழக்கம் இல்லை.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"நல்லாக் கண்டுபிடிச்சேய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா கம்பெனி டைரக்டர் இப்பத்தான் பேசினார். அவசரப்படாதே. நான் கூப்பிடறேன். அதுவரைக்கும் ரெண்டு பேரையும் ஒண்ணும் செய்யாதே."

ரெண்டு பேர் என்றால் வெளியே இருக்கிற வீரராகவனும் உள்ளே இருக்கிற துலுக்காணமும். லாக்கப் சாவி யேசுதாஸின் மேஜை மேல்தான் இருந்தது. எடுத்துத் திறந்திருக்கலாம். அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் கன்னியம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய்ந்த பிறகு போன் அடித்தது. கம்பெனி புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டது. சம்பவம் பற்றிய தகவலில் பிழை என்று எழுதி வழக்கை மூட உத்தரவு. வீரராகவனைக் கம்பெனி கேரளத்தில் இருந்த இறால் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டது.

யேசுதாஸ் துலுக்காணத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கே போனார். ஊர்க்காரர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இவன் குற்றவாளி இல்லை என்று எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவர் தேசப்பன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வணக்கமாகத்தான் பேசினார்.

"சந்தோசம் சார். ஆனா சீட்டு போட்டாச்சு. சாமி முன்னாடி போட்டத மாத்த மாட்டோம். அடுத்த வருசம் பாக்கலாம்."

சித்திரையில் ஸ்டேஷனுக்கு மேலதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. வெள்ளையடிக்க ஆள் பிடித்துவரும்படி வரதனிடம் சொல்லியிருந்தார் யேசுதாஸ். காலையில் வந்து பார்த்தால் லாக்கப் உள்ளே துலுக்காணம் மட்டையை இடது கையால் பிடித்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். வலது கை விரல்கள் பாதிதான் மடங்கின.

"இன்னா நைனா, நீயா?"

"சுண்ணாம்புச் சூளையில கூலிக்குப் போறேன் சார். பண்ணைச் சிப்பியெல்லாம் அங்கதான் வந்து எரிஞ்சுது. நல்ல சுண்ணாம்பு சார், பளிச்சுனு கீது பாருங்க."

அவன் முன்பு சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்தில் சுவரில் கறை இருந்தது. அதன்மேல் ஒருமுறை அடித்தான். போகவில்லை. வாளியில் மட்டையை முக்கி எடுத்து, "இன்னொரு தபா அடிச்சா மறைஞ்சிடும் சார்," என்றான்.