பெயர் சொல்லாமல் கூப்பிட்டது

எட்டாம் நாள் பின்னேரம், சந்திரகுமார் விழுந்து இறந்த நிலவறையிலேயே அவருக்குப் படையல் வைத்தார்கள்.

லண்டன் இல்ஃபோர்டில் அவர் புதிதாக வாங்கிய மதுக்கடை. மார்கழி. நான்கு மணிக்கே வெளியே இருட்டு. மனைவி செல்வமலர் சோறும் ஆட்டிறைச்சியும் தூக்கி வந்தாள். அவள் தம்பி பிரியந்தன் விஸ்கிப் போத்தலும் கிளாஸும் கொண்டுவந்தான். பின்னால், சுவர் வேலைக்கு வந்திருந்த மேசன் கஸ்பர்.

அன்று, சரக்கு வைக்க இடம் போதாமல் சந்திரகுமார் நிலவறையின் பின்சுவரை உடைத்தார். தலையளவு துளை விழுந்ததும் நெஞ்சைப் பிடித்தார். துளை அப்படியே இருந்தது. உள்ளிருந்து ஈரம் மணத்தது.

"உடைக்காதேங்கோ எண்டு சொன்னனான்," கஸ்பர் கிசுகிசுத்தார். "இந்தத் தெருக் கிழடுகள் எல்லாம் சொல்லுங்கள். அமெரிக்காவில குடியைத் தடை செய்த காலம். தெருச் சண்டியரா இருந்தவங்கள் கள்ளச் சரக்கு வித்து ராசா மாதிரி ஆனவங்கள். இஞ்சயிருந்தும் விஸ்கி போனது. சிக்காகோக் கும்பலில ஒருத்தன் சரக்குப் பார்க்க வந்தவன். அப்ப இந்தக் கடையை வைச்சிருந்தவன் எதிரிக் கும்பலோடயும் சேர்ந்திட்டான். வந்தவன் கீழ இறங்கினான். ஏறேல்லை. சுவர்தான் புதுசா வந்தது."

"ஏன், சரக்குப் பார்க்க வந்தவன் குடிச்சுப் பார்க்கேல்லையோ?" பிரியந்தன் கேட்டான்.

"நஞ்செண்டு பயம். விக்கிறவன் முதல் குடிச்சுக் காட்டவேணும். அதுதான் அவங்கட சட்டம்."

"அவன் வந்தால் ஐடி கேட்டுப்போட்டுக் குடுப்பம், அண்ணை," என்றான் பிரியந்தன்.

செல்வமலர் சிரிக்கவில்லை. கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் இல்லை. அவர் ஒருமுறை வந்து, வயிறு நிறைந்து போகவேண்டும். அது போதும். கடை இனி அவளுடையது.

விஸ்கியை ஊற்றினாள்.

"ஒண்டு காணும், அக்கா. அத்தான் ஒண்டோட கிளாஸைக் கவிழ்த்துப்போடுவார்."

அவள் கணவனை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இன்றும் வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ."

கதவைச் சாத்திவிட்டு மேற்படியில் நின்றார்கள்.

கீழே செங்கல் ஒன்று விழுந்தது.

பிறகு காலடி. சப்பாத்துக் காலடி.

கதவிடுக்கில் சுருட்டு மணம் வந்தது.

"அத்தான் வந்திட்டார்," என்றான் பிரியந்தன்.

"அவருக்குச் சுருட்டுப் புகை ஏலாது."

கதவைத் திறந்தார்கள். சோறு தொடப்படவில்லை. கிளாஸ் காலி. விஸ்கி தரையில் ஊற்றிக் கிடந்தது.

நிமிர்ந்தே இருந்தது.

"அக்கா," தம்பி அவள் கையைப் பிடித்தான். "நீங்கள் ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

அவள் சுவரைப் பார்த்தாள். துளை பெரிதாகியிருந்தது.

"சந்திரகுமார்!"

வாழ்க்கையில் முதல்தடவை அந்தப் பெயரைக் கத்தினாள். விளக்கு அணைந்தது. இருட்டில் கண்ணாடியும் கண்ணாடியும் மெல்ல மோதின.

விளக்கு வந்தது.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு கிளாஸ். இப்போது இரண்டு.

ஒன்று சோற்றருகே கவிழ்ந்திருந்தது.

மற்றது நிரம்பி, கடைசிப் படியில், அவளைப் பார்த்தபடி.

கஸ்பர் சிலுவை அடையாளம் இட்டார். "தொடாதேங்கோ, தங்கச்சி."

துளையை அடைத்தார்கள். நிலவறைக் கதவுக்கும் செங்கல் வைத்தார்கள்.

ஒவ்வொரு காலையும் செல்வமலர் கடை திறக்கிறாள். கல்லாவுக்கு அருகே ஒரு கிளாஸ் இருக்கிறது. விளிம்புவரை விஸ்கி.

விற்கிறவள் நிற்கும் பக்கம், முதலில் குடித்துக் காட்டச் சொல்வதுபோல.