ஒரு சாண் பின்னால்

ஓன்னி ரெய்னிக்கா காலைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, சமையலறைச் சுவர் வழக்கம்போல அவனுடைய எதிர்காலத்தை வாசித்தது.

"காலை வணக்கம், ஓன்னி. வெளியே குளிர் சற்றுக் குறைந்திருக்கிறது. பிற்பகலில் லேசான பனிப்பொழிவு. நேற்றைய பயிற்சியைக் கணக்கில் கொண்டதில் உங்கள் ஆட்ட வாழ்க்கை மேலும் சுருங்கியுள்ளது. இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்குவீர்கள். இருபத்தாறு வயதில் ஓய்வு. அதன்பின் மீன்பண்ணை மேற்பார்வையாளராக நன்றாக வருவீர்கள்."

ஓன்னி கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டான். அந்தக் காலத்து ஃபின்லாந்தில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மழை வருமா என்று கேட்கிற அதே நேரத்தில் தன் பிழைப்பு என்னாகும் என்பதையும் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். சுவருக்குள்ளிருந்து பேசும் அந்தக் கருவிக்கு 'வருங்காலமானி' என்று பெயர். ஒருவர் இதுவரை செய்ததையெல்லாம் வைத்து இனிச் செய்யப்போவதைக் கணக்கிடும். அநேகமாகத் தவறுவதில்லை.

ஆனால் ஓன்னியின் தூக்கத்தைக் கெடுத்தது மீன்பண்ணை அல்ல, ஒரு சாண்.

ஓன்னி, ஊலு நகரத்துக் கொக்குகள் அணியின் இடதுபக்க முன்கள வீரன். ஐஸ் ஹாக்கியில் முன்கள வீரனின் வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது: சக வீரன் தள்ளிவிடும் ரப்பர் வட்டைப் பாய்ந்துபோய் மட்டையில் வாங்கி, கோலுக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து வயதில் பனித்தரையில் இறங்கியவன் அவன். சிறுவர் அணி, இளையோர் அணி என்று படிப்படியாக ஏறி வந்தான். முதல் லீக்கில் முதல் வருடம் எல்லோரும் பாராட்டினார்கள். இந்த இரண்டாம் வருடம், வட்டு அவன் மட்டையில் விழுவதை நிறுத்திவிட்டது. எப்போதும் ஒரு சாண் பின்னால் வந்தது.

மட்டையை மாற்றினான். சறுக்குக் காலணியின் கத்தியைப் புதிதாகத் தீட்டினான். கண் பரிசோதனையும் செய்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வட்டு அதே ஒரு சாண் பின்னால், ஏதோ பழைய கோபம் இருப்பதுபோல, அவனைத் தொடாமல் போனது.

வரும் சனிக்கிழமை ஆட்டம்தான் கடைசி வாய்ப்பு என்று பயிற்சியாளர் ஹில்க்கா சொல்லிவிட்டார். அதிலும் சொதப்பினால் கீழ் லீக்.

வட்டு எப்படி வருகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீரரின் கண்ணிலும் 'முன்காணி' என்ற மெல்லிய வில்லை உண்டு. பனித்தரையில் இருக்கிற எல்லோருடைய காலணிகளும், பாய்வதற்காகக் கால் பனியை உந்தும் ஒவ்வொரு உதையின் அழுத்தத்தையும் அதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முன்காணி அதை வாங்கி, அந்தந்த வீரர் அடுத்த அரை நொடியில் எங்கே இருப்பார் என்று பனியில் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டும். வட்டைத் தள்ளுகிறவர் புள்ளியைப் பார்த்துத் தள்ளினால் போதும். ஆளைப் பார்க்கத் தேவையில்லை. குரல் கொடுக்கவும் தேவையில்லை. பழைய காலத்தில் பனித்தரை ஒரே கூச்சலாக இருக்குமாம். பேருந்து நிறுத்தத்தில்கூட அடுத்தவரிடமிருந்து நாலடி தள்ளி நிற்கிற ஃபின்லாந்துக்காரர்கள், வாய் திறக்காமல் விளையாட ஒரு வழி கிடைத்ததும் அதை வரமாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது பனியைக் கீறும் கத்திகளின் சத்தம் மட்டும்தான்.

புதன்கிழமைப் பயிற்சி முடிந்து ஓன்னியும் அணித்தலைவர் தாவெத்தியும் சௌனாவில் உட்கார்ந்திருந்தார்கள். சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி நீராவியில் வியர்க்கும் அந்த மர அறையில் பேசுவது அநாகரிகம். கல் இரண்டு முறை சீறி அடங்கியபின் தாவெத்தி அநாகரிகமாக நடந்துகொண்டார்.

"நான் புள்ளிக்குத்தான் தள்றேன்."

"தெரியும் கேப்டன்."

"புள்ளியில நீ இல்ல."

"அதுவும் தெரியும்."

"அப்ப எங்கதான்டா போற? மீன் பிடிக்கவா?"

வருங்காலமானி சொன்னது அணி முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஓன்னி கற்களில் தண்ணீரை ஊற்றினான், கொஞ்சம் அதிகமாகவே.

மறுநாள் மதியம் குயிலியின் அறைக்குப் போனான். குயிலி அணியின் முன்காணிப் பொறியாளர். பெற்றோர் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது ஊலுவில். ஒரு வாரமாக, அவனுக்கு வட்டைத் தள்ளும் தாவெத்தியின் முன்காணியைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"கருவியில தப்பே இல்ல ஓன்னி. கணக்கு எல்லாம் சரி."

"அப்ப தப்பு நான்தான்."

"வருங்காலமானியும் அப்படித்தான் எழுதியிருக்கு. 'இரண்டாம் ஆண்டுச் சோர்வு'. பெயரெல்லாம் அழகா வெச்சிருக்காங்க." அவள் மதிய உணவு டப்பாவைத் திறந்தாள். "சாப்பிடறியா? அம்மா குடுத்துவிட்டது. கத்திரிக்காய் வறுவல்."

"எப்பவும் கத்திரிக்காய்தானே கொண்டுவர்றீங்க?"

"வீட்டுல சேப்பங்கிழங்கு வறுப்பாங்க. அது எனக்குப் பிடிக்காதுன்னு எனக்கு மட்டும் தனியா கத்திரிக்காய்."

"பிடிக்காதா?"

"எட்டு வயசுல பிடிக்காது. இப்ப ரொம்பப் பிடிக்கும்."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"இத்தனை வருஷம் தனியா வறுத்துப் போட்டவங்ககிட்ட எப்படிப்பா..." என்று சிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கரண்டி டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவே இருந்தது.

"ஓன்னி, உன் உதையை முன்காணிக்கு எப்ப அளந்து குடுத்தோம்?"

"மே மாசம். எல்லாருக்கும் அப்பதானே."

"அப்புறம் கோடை முழுக்க என்ன பண்ணின?"

"ஹில்க்கா சொன்னாங்கன்னு முதல் மூணு உதையைப் பலமாக்கினேன். முதுகுல மூட்டை கட்டிக்கிட்டு மலை ஏறினேன். ஏன்?"

குயிலி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் பனித்தரைக் கேமராப் படங்களை எடுத்து, முன்காணியின் நீலப் புள்ளிகள்மேல் வைத்துப் பார்த்தாள். விஷயம் அவ்வளவுதான். ஓன்னி எவ்வளவு பலமாக அழுத்துகிறான் என்பது முன்காணிக்கு இந்த நொடிவரை தெரியும். ஆனால் அப்படி அழுத்தினால் எவ்வளவு தூரம் பாய்வான் என்பது மே மாத ஓன்னியை வைத்துக் கற்றது. மே மாத ஓன்னி சரியாகப் புள்ளியில் வந்து நிற்பான். இப்போதைய ஓன்னி அதைவிட ஒரு சாண் முன்னால் போய்விடுகிறான்.

"நீ சோர்ந்துபோகல. முன்னேறிட்ட. கேப்டன் போன வருஷத்து உனக்குப் பாஸ் குடுத்துக்கிட்டிருக்கார்."

அவள் அதோடு விடவில்லை. முந்தைய ஆண்டுகளில் இரண்டாம் ஆண்டுச் சோர்வு என்று கீழே அனுப்பப்பட்டவர்களின் படங்களையும் தேடிப் பார்த்தாள். பலருக்கும் இதே கதை. வட்டு ஒரு சாண் பின்னால், அல்லது ஒரு விரற்கடை பின்னால். லீக், நன்றாக உழைத்தவர்களைத் தேடித் தேடி வெளியே அனுப்பியிருந்தது.

"அப்ப என்னை மறுபடி அளந்துடுங்க," என்றான் ஓன்னி.

"பருவத்துக்கு நடுவுல முன்காணியைத் தொடக்கூடாதுன்னு விதி. ஏமாத்துவாங்கன்னு பயம். அடுத்த மே வரைக்கும் நீ போன மே மாசத்து ஆள்தான்."

வேறு வழி ஒன்று இருந்தது. அதை அவனே அன்று மாலைப் பயிற்சியில் முயன்று பார்த்தான். உதையின் பலத்தைக் கொஞ்சம் குறைத்தான். கோடை முழுதும் மலையேறிச் சேர்த்ததைக் காலுக்குள்ளேயே மடக்கி வைத்துக்கொண்டான். வட்டு வந்து மட்டையில் பூப்போல விழுந்தது. மறுபடி விழுந்தது. ஹில்க்கா முதல் முறையாகத் தலையாட்டினார். தாவெத்தி, "வந்துட்டியா வீட்டுக்கு?" என்று தோளில் தட்டினார்.

வெள்ளிக்கிழமைக் காலை சுவர் உற்சாகமாக வாசித்தது. "உங்கள் ஆட்ட வாழ்க்கை நீண்டுள்ளது! முதல் லீக்கில் முப்பத்திரண்டு வயது வரை நீடிப்பீர்கள். அதிகம் களமிறங்காத மூன்றாம் வரிசை வீரராக."

கஞ்சி இறங்கவில்லை. எதிர்காலம் வேண்டுமென்றால் போன வருடத்து ஆளாகவே இருந்துகொள் என்கிறது சுவர். முப்பத்திரண்டு வயது வரைக்கும்.

சனிக்கிழமை எதிரணி வலுவாக இருந்தது. ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் இரண்டிலும் ஓன்னி போன வருடத்தைப்போல விளையாடினான். பாஸ்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆனால் எதிரணித் தடுப்பாளர்களின் முன்காணிகளுக்கும் போன வருடத்து ஓன்னியைத் தெரியும். அவன் வாங்கும் இடத்தில் அவர்கள் முன்கூட்டியே நின்றார்கள். கொக்குகள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது.

மூன்றாம் பகுதியில் தாவெத்தி வட்டோடு நடுக்கோட்டைத் தாண்டினார். ஓன்னி இடதுபக்கம் திரும்பினான். முதல் உதையிலேயே கால் அவனைக் கேட்காமல் முழுப் பலத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது உதை. தடுப்பாளர் அவனுக்குப் பின்னால் போய்விட்டார். தாவெத்தியின் மட்டை புள்ளியை நோக்கித் தாழ்ந்தது. வட்டு மறுபடி ஒரு சாண் பின்னால் போகப்போகிறது. அதோடு இந்த வருடமும் முடிந்தது.

"இங்க! கேப்டன், இங்க!"

அரங்கம் உறைந்தது. குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய் அதன் காதைப் பொத்தினாள். தாவெத்தி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். பல வருடங்களுக்குப் பிறகு, நீலப் புள்ளியை விட்டுவிட்டு ஓர் ஆளைப் பார்த்தார். பையன் புள்ளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அங்கே தள்ளினார்.

வட்டு மட்டையில் விழுந்தது. கோல்.

நடுவர் ஊதலை வாயில் வைத்தபடி விதிகளைத் தேடிப்பார்த்தார். பருவ நடுவில் கருவியை மாற்றக் கூடாது என்று இருந்தது. வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. கோல் செல்லும் என்று கை காட்டினார்.

இன்னொரு முறை ஓன்னி கத்தினான். இன்னொரு கோல். கடைசி நிமிடங்களில் தாவெத்தியே, "டேய், இடது, இடது!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருடைய குரல் அவ்வளவு கட்டையானது என்பது அணியில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுவர் நெடுநேரம் யோசித்தது. "ஓன்னி, உங்களுடைய எதிர்காலம் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. வெளியே நல்ல வெயில்."

ஓன்னி இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தான்.

அதே நேரத்தில் குயிலி தன் பணியறையிலிருந்து அம்மாவோடு தொலைபேசியில் இருந்தாள்.

"அம்மா, எனக்கு இப்பல்லாம் சேப்பங்கிழங்கு பிடிக்கும்மா. ரொம்ப நாளாவே."

"ஏண்டி, இத்தனை வருஷமா தனியா ஒரு சட்டி வெச்சு வறுக்கறேனே, வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா."

"நீ மட்டும் கேட்டியாக்கும்? ஒவ்வொரு பொங்கலுக்கும் பச்சைப் புடவை வாங்கித் தர்றியே. பச்சைன்னா எனக்குப் பிடிக்கும்னு யாரு சொன்னா?"

"நான் சின்னவளா இருந்தப்ப நீங்கதானே..."

"அது அப்போ!"

ஊரிலிருக்கும் வீரர்களின் அடுத்த அரை நொடியையெல்லாம் கணிக்கிறவள், ஃபோனை இன்னும் நெருக்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பிறகு, "என்ன கலரும்மா பிடிக்கும்?" என்று கேட்டாள். பதில் நீளமாக வந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் உட்கார்ந்து, லீக்கின் பொறியாளர்கள் அனைவருக்கும் தன் தீர்வை அனுப்பினாள்:

"முன்காணியில் பழுது இல்லை. அது அறிந்திருப்பது முன்பிருந்த ஆளை. ஆள் அங்கேயே நிற்பதில்லை. எனவே, ஓடுகிறவர் தான் எங்கே இருக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தள்ளுகிறவர் தள்ளுவதற்கு முன் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்த்தாயிற்று. வேலை செய்கிறது."