பதினேழாவது பேட்டி

"கண்ணு, அது கார் கதவு... கோட்டைக் கதவு இல்ல. மெதுவா சாத்து!"

மாரென் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். டாக்ஸியின் பின்பார்வைக் கண்ணாடியில் இரண்டு கண்கள் அவளை முறைத்தன. மழைக்கு முந்தைய கடலின் சாம்பல் நிறம்... ஓரங்களில் சிரித்துச் சிரித்து விழுந்த சுருக்கங்கள். நாற்பத்தாறு வயதில் நெஞ்சு இப்படியா தடுமாறும்?

"என்னைக் கண்ணுன்னு கூப்பிட நீங்க யாரு?"

"செயின்ட் ஜான்ஸ் ஊருக்குப் புதுசா? இங்க மீன்காரர்லேர்ந்து பாதிரியார் வரைக்கும் எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான். ரொம்பக் கற்பனை பண்ணிக்காதே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, நனைந்த தாள்களை மாரென் கைக்குட்டையால் ஒற்றினாள்.

ஓட்டியவள் பெயர் டல்சி பிட்மேன். வயது ஐம்பத்தொன்று. மீன் ஆலை மூடியதும் டாக்ஸிக்கு வந்தவள்.

"என்ன தாள் அதெல்லாம்?"

"ஆராய்ச்சி. பெண்ணோட வாழ்ற பெண்கள், ஆணோட வாழ்ற ஆண்கள், திருநர்... வயசாகி முதியோர் இல்லத்துக்குப் போனா அவங்களுக்கு என்ன ஆகுதுன்னு."

கார் சட்டென்று வேகம் குறைந்தது.

"வருவீங்க... அழவைப்பீங்க... புத்தகம் போட்டுட்டுப் போயிடுவீங்க."

"கேள்வி எதுவும் நான் எழுதலைங்க. இந்த ஊர்ல அப்படி வாழ்றவங்களே உக்காந்து எழுதினது. அறிக்கையும் அவங்க சரின்னு சொன்னாத்தான் வெளியே போகும்."

மாரென் இறங்கும்போது டல்சி மெல்லக் கேட்டாள். "எத்தனை கேள்வி இருக்கு அதுல?"

பதினேழாவது பேட்டி அவளுடையது.

இருபத்திரண்டு வருஷம் ஐனாவோடு வாழ்ந்திருக்கிறாள் டல்சி. ஐனாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியதும் இல்லத்தில் சேர்க்கப் போனாள். "நீங்க யாரு இவங்களுக்கு?" என்று கேட்டார்கள். "தங்கச்சி" என்று சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்தால் ஐனாவைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம். ஐனா முத்தமிட நெருங்கும்போதெல்லாம், தாதி பார்க்கிறாளே என்று முகத்தைத் திருப்பியிருக்கிறாள். முடிவெடுக்கும் உரிமையெல்லாம் ஐனாவின் அண்ணன் ஆம்ப்ரோஸுக்குத்தான்; இல்லம் செய்தி சொல்வதும் அவருக்குத்தான். ஐனா இறந்த செய்தி டல்சிக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொல்லி முடித்தபோது இருவருடைய தேநீரும் ஆறிப்போயிருந்தது.

பேட்டி முடிந்தும் டாக்ஸி வந்துகொண்டே இருந்தது. "இந்தப் பக்கமா வந்தேன்..." என்பாள் டல்சி. வறுத்த மீன் பொட்டலம் சூடாக மடிக்கு வரும். ஒருநாள் சிக்னல் ஹில் குன்றின்மேல் மூடுபனியில் விரல்கள் உரசிக்கொண்டன... மாரென் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம், டல்சி. உங்களைப் பேட்டி எடுத்தவ நான். பேட்டி கொடுத்தவங்களோட நெருங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அப்ப பேட்டியைத் திருப்பி வாங்கிக்கறேன். எப்ப வேணா விலகலாம்னு படிவத்துலயே இருக்கே!"

மாரெனுக்கு மனம் துள்ளியிருக்க வேண்டும். வாயில் வந்ததோ வேறு. "ஐயோ, அதை எடுத்துடாதீங்க! அறிக்கைக்கே அதுதான் உயிர். அது இல்லாம, முதியோர் இல்லங்களோட சட்டத்தை மாத்த வேண்டிய அரசாங்கக் குழு அசையாது."

அந்தச் சாம்பல் கண்கள் அணைந்துபோயின.

"ஓ... உசுரோட முன்னாடி நிக்கறவளைவிட, தாள்ல இருக்கறவதான் உனக்குப் பெருசா?"

மறுநாளே விலகல் கடிதம் வந்தது. பேட்டியின் பதினொரு பக்கங்களையும் மாரென் தன் கையாலேயே அழித்தாள். ஆறு வாரங்களாக டாக்ஸி வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அரசாங்கக் குழு நடத்திய பொதுக்கூட்டத்தன்று அறிக்கையை மாரெனே வாசித்தாள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல அறிக்கைதான். ஆனா இதுல அவசரம் என்ன இருக்கு?"

மாரென் தாள்களைப் புரட்டினாள்; பதினேழாவது பேட்டி அதில் இல்லை. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நனைந்த கோட்டோடு டல்சி...

"என் பேரு டல்சி பிட்மேன். ஐனா ஹைன்ஸ் எனக்கு அக்கா இல்ல. என் பொண்டாட்டி. அதைச் சொல்லப் பயந்ததால, அவ சாகும்போது நான் பக்கத்துல இல்ல."

முன்வரிசையிலிருந்து ஆம்ப்ரோஸ் எழுந்தார். "செத்தவளையும் விடமாட்டியா நீ?" நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார்.

டல்சி உட்காரவில்லை. அழித்த பதினொரு பக்கத்தையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். தலைவர் நன்றி சொன்னார். அடுத்த வருஷம் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

மாரென் மழையில் ஓடி, வாசற்படியில் அவளைப் பிடித்தாள்.

"என்னை மன்னிச்சுடு. ஒரு மனுஷியா உன்னை நான்..."

"உன் அறிக்கைக்காகப் பேசலடி. 'நான் உனக்கு யாரு, சொல்லு'ன்னு அந்த இல்லத்துல ஐனா கேட்டுக்கிட்டே இருப்பா. நான் கதவைப் பார்ப்பேன், யாராவது வர்றாங்களான்னு..." டல்சியின் குரல் உடைந்தது. கூட்டம் கலைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கு நடுவே மாரெனின் கையைப் பற்றினாள். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, மாரென். ரொம்ப. எல்லாரும் கேக்கட்டும்."

ஆறு வாரமாக ஏங்கிய சொல். ஆனால் அந்தச் சத்தம் வேறொருத்திக்குச் சேர வேண்டியது என்று மாரெனுக்குப் புரிந்தது. கட்டிலருகே கிசுகிசுத்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும், ஐனாவுக்கு...

"எனக்கும்தான்!" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

டல்சி அவள் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். அந்த அழுகை ஐனாவுக்காக; மாரெனுக்காக இல்லை. அது தெரிந்தேதான் மாரென் அவளை அணைத்துக்கொண்டாள்.