முகம் வைக்கிற இடம்

ஓட்டையின் விளிம்பு ஈரமாக இருந்தது.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி ஈரம். காலையில்தான் உலர்ந்த துணியால் துடைத்திருந்தாள். மழைக்காலம், பழைய பலகை, ஈரத்தை இழுத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் விரலை இரண்டு தடவை துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. பழைய பேய்ப் படங்களுக்கும் சாகசப் படங்களுக்கும் செய்த விளம்பரங்களைச் சேர்ப்பது அவள் பைத்தியம். அப்படித்தான் தம்பி சொல்லுவான். நோட்டீஸ்கள், சுவரொட்டிகள், தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்திவைத்த காட்சிப் படங்கள் என்று வீட்டில் கால் வைக்க இடமில்லை. புதிதாக வந்தது இந்தப் பலகை. ஏழடி உயரம். குகை வாசலில் தீப்பந்தத்தோடு ஒருவன் நிற்கிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீள்வட்டமாக ஓர் ஓட்டை. படம் பார்க்க வந்தவர்கள் பின்னால் போய், அதில் முகத்தை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். குகைக்குள் என்ன இருக்கிறது என்று வரைந்தவர் காட்டவில்லை, வெறும் கறுப்பை அப்பிவிட்டிருந்தார். உள்ளே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற வியாபாரத் தந்திரம்தான்.

விற்றவர் ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர். ஓட்டையின் பின்பக்கம் ஒரு தகரத்தை வைத்துப் பதினாறு ஆணி அடித்திருந்தார்கள். "அதை மட்டும் எடுக்காதீங்கம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, குடையைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. பிற்பாடு யாரோ ஒட்டியதை, அடித்ததை விட்டுவைக்கக் கூடாது. பொருள் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். அவளுக்கு அது வேதவாக்கு. நேற்றுச் சாயங்காலம் பதினாறு ஆணிகளையும் பிடுங்கிவிட்டாள். தகரத்தின் நடுப்பகுதி பின்பக்கமாகப் புடைத்திருந்தது, மூக்கும் தாடையும்போல. வண்டியில் வரும்போது நசுங்கியிருக்கும் என்று பால்கனியில் போட்டுவிட்டு, பலகையைக் கூடத்துச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"என்னக்கா, பலகைகிட்ட ரகசியம் பேசுறியா?" சாய்வு நாற்காலியிலிருந்து தம்பி கேட்டான்.

"பேசாம படுடா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லா சிரிக்கச் சொன்னாரு. அதான் உன்னையே பாத்துக்கிட்டிருக்கேன்."

அவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து நாற்பது நாள்தான் ஆகிறது. அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் அவன்தான். அவன் இருமினால்கூடப் போட்டது போட்டபடி ஓடிவருவாள். திடுக்கிடுகிற மாதிரி எதுவும் நடந்துவிடக் கூடாது, இதயம் தாங்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் ஈரத்தைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

மத்தியானம் மழை வலுத்தது. கரண்ட் போனது. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் கூடத்தின் பாதியோடு நின்றுவிட, தம்பி கண்ணயர்ந்திருக்க, பழைய காகிதமும் பசையும் நமத்துக் கிளப்பிய வாடைக்கு அடியில் வேறொரு வாடை, வெகுநாள் திறக்காத வாயின் வாடை, மெதுவாக மேலே வந்தது. மழைச் சத்தத்தினூடே ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே விடும் சத்தம் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறவள் அவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கும் அறை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பலகையின் பக்கம் போனாள். அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஓட்டைக்குள் கையை விட்டாள், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டால் மனசு அடங்கும் என்று. விரல்கள் போயின. மணிக்கட்டு போனது. முழங்கை போனது. சுவர் வரவில்லை. உள்ளே குளிர்ந்த காற்று இருந்தது. யாரோ அவள் உள்ளங்கையில் மூச்சு விட்டார்கள்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. தம்பி எழுந்துவிடுவான்.

எழுந்தேவிட்டான். "என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ ரூமுக்குள்ள போய்ப் படு. நான் கொஞ்சம் ஆணி அடிக்கணும்."

பலகைகிட்டே போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பான். என்னவென்று சொல்வது? சொல்லி, அவன் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வார்த்தையை விழுங்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். தகரம் கிடைத்தது. சுத்தியல் கிடைத்தது. ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"அக்கா, போனை எடுத்துட்டு வா. ஒரு போட்டோ எடு."

ஓட்டைக்குள் தம்பியின் முகம். அளவெடுத்ததுபோலப் பொருந்தியிருந்தது. இளித்துக்கொண்டிருந்தான்.

"வெளிய வாடா."

"எடுத்தா வரேன்."

குனிந்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவே தரையைப் பார்த்தாள். கால்கள் இல்லை. ஒரு சாண் இடைவெளி அப்படியே இருந்தது.

கையில் இருந்ததை எல்லாம் போட்டுவிட்டு, பலகையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவர். வெள்ளையடித்த வெறும் சுவர். பின்பக்கத்து ஓட்டை வழியே கூடம் தெரிந்தது, சாய்வு நாற்காலி தெரிந்தது. அவன் இல்லை. எங்கும் இல்லை.

முன்பக்கத்திலிருந்து அவன் சிரித்தான்.

"அக்கா, சின்னப்புள்ளையா நீ? கையை எடு. ரொம்பச் சில்லுனு இருக்கு."

முன்னால் ஓடிவந்தாள்.

அவன் முகம் அங்கேயேதான் இருந்தது. பின்னாலிருந்து வந்த இரண்டு கைகள் அவன் கண்களைப் பொத்தியிருந்தன. ஈரமான கைகள். நீளமான விரல்கள்.

"நீதான்னு தெரியும்க்கா" என்றான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "போதும், எடு."

"தம்பி..."

குரல் எதிரிலிருந்து வந்ததும் அவன் சிரிப்பு நின்றது. ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

மூன்றாவதாக ஒரு கை, அவசரமே இல்லாமல் வந்து, அந்த வாயைப் பொத்தியது.