பிரசவ ரூமில் ஒரு மணமேடை

முகூர்த்தத்துக்கு இன்னும் அரைமணி நேரம்தான். மண்டபத்தின் பழைய கதையைக் காலைக் காப்பியோடு யாரோ சம்பந்தி காதில் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா காசிநாதன் மணமேடை முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"பொணம் கெடந்த எடத்துல என் புள்ளை தாலி கட்டணுமா? பழைய ஆஸ்பத்திரின்னு ஏன்யா சொல்லல?"

பெண்ணின் அப்பா அரங்கநாதன் அவரைச் சமாதானப்படுத்த ஓடிவந்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. ஆஸ்பத்திரி இடம் மாறியபின் நெல் கிடங்காகி, அவர் கைக்கு வந்து, வெள்ளையும் சீரியல் விளக்குமாய்க் கல்யாண மண்டபமாகியிருந்தது. ரிஷிவந்தியத்தில் ஒருவரும் அதை எடுக்கத் துணியாததால், ஊரின் பயம் தெளியட்டும் என்று சொந்த மகள் கல்யாணத்தையே முதலில் வைத்தார்.

சமையல்கட்டில் அவருடைய அண்ணி ஜெயம்மாள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். இருபது வயதில் தாலியறுத்தவள். "முன்னால வராதீங்க அண்ணி... ஆஸ்பத்திரியில வேலை பாத்தத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று விடியற்காலையில்தான் அவர் சொல்லியிருந்தார். அவரைப் படிக்கவைத்ததே அந்தச் சம்பளம். மனுஷனுக்கு அது மட்டும் வசதியாக மறந்துபோயிற்று.

மணப்பெண் தங்கமணி விம்முவது கேட்டது. அதற்குமேல் ஜெயம்மாளால் உட்கார முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"அண்ணி... வேணாம்!"

"சும்மா இரு தம்பி! சம்பந்தி, நான் இங்க பதினாலு வருஷம் ரத்தத் துணி அலசினவ. பொணம் வச்ச கொட்டா வெளிய இருந்துச்சு, அத எப்பவோ இடிச்சாச்சு. இந்த மேடை இருக்கறது பிரசவ ரூமு! தலைப்பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்கு வந்த பொண்ணுங்க எத்தினி பேரு இங்க பெத்துக்கினு போனாங்க... இதுவாங்க கெட்ட எடம்?"

மாப்பிள்ளையின் அம்மா சாலம்மாள் மெல்ல எழுந்தாள். முப்பது வருஷத்தில் புருஷனை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள்.

"நம்ம புள்ளையும் இங்கதாங்க பொறந்தான்."

"இன்னாடி சொல்ற? உங்கம்மா வூட்லதான..."

"பேரு வைக்க நீங்க வந்தது எங்கம்மா வூட்டுக்கு. பெத்தது எங்கன்னு நீங்க என்னிக்குங்க கேட்டீங்க?"

சாலம்மாள் ஜெயம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு நாளு வலி... என் கைய வுடாம புடிச்சிக்கினு இருந்தீங்களே... நீங்கதான அது, அக்கா?"

ஜெயம்மாள் தலையசைத்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அரங்கநாதன் அண்ணியின் காலில் விழுந்தார்.

"உங்க காசுல படிச்சிட்டு உங்களயே ஒளிச்சு வச்சேனே அண்ணி!"

"எழுந்திரு தம்பி... நல்ல நாளும் அதுவுமா அழுவாத!"

சாலம்மாள் அவளைக் கைப்பிடித்து மேடையேற்றினாள். "என் புள்ளைய மொத மொதல்ல ஏந்துன கை இது. தாலிய இவங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

"நான் தாலியறுத்தவம்மா..."

"தெரியும் அக்கா. குடுங்க."

ஜெயம்மாள் தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள். கெட்டிமேளம் கொட்டச் சொல்லி முதலில் கத்தியவர் காசிநாதன்தான்.